அமெரிக்காவில் உள்ள முன்னாள் கணவரின் பணிக்கணக்கில் எனக்கு ஓய்வூதியம் கிடைக்குமா?

பசவனகுடி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல நாட்களாக மனத்தில் இருக்கும் ஒரு கேள்வியை இங்கே கேட்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

எனக்கு 1991 ஜூன் மாதம் கும்பகோணத்தில் திருமணம் நடந்தது. என் முன்னாள் கணவர் 1993-ல் எச்-1பி விசாவில் அமெரிக்கா சென்றார். 1994 பிப்ரவரியில் அவருடைய மனைவி என்ற முறையில் எச்-4 விசாவில் நானும் நியூ ஜெர்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். 1997-ல் எங்கள் மகள் அங்கேயே பிறந்தாள். 2000-ல் இருவருக்கும் கிரீன் கார்டு கிடைத்தது. அதன் பிறகு ஓராண்டுக்கும் குறைவாக ஒரு நூலகத்தில் பகுதிநேர வேலை பார்த்தேன். என் பெயரில் அங்கே உள்ள பணிக்கணக்கு அவ்வளவுதான். 2001 டிசம்பரில் மகளை அழைத்துக்கொண்டு பெங்களூரில் இருந்த என் பெற்றோரிடம் வந்துவிட்டேன். 2003 மார்ச் மாதம் இங்குள்ள குடும்ப நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து ஆனது. நான் திரும்பிப் போகவில்லை, கிரீன் கார்டும் காலாவதியாகிவிட்டது. இந்தியக் குடியுரிமையுடன்தான் இருக்கிறேன். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். அமெரிக்கக் குடியுரிமை பெற்று, மறுமணம் செய்துகொண்டு, இன்றும் அங்கே வேலையில் இருக்கிறார் என்று மகள் மூலம் அறிகிறேன். வரும் நவம்பரில் எனக்கு 62 வயது நிறைகிறது. பத்தாண்டுகள் மணவாழ்க்கை நடத்தியவர்களுக்கு முன்னாள் கணவரின் சோஷியல் செக்யூரிட்டி என்ற அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியக் கணக்கில் ஒரு பங்கு உண்டு என்று அங்கே இருக்கும் தோழி ஒருத்தி சென்ற மாதம் தொலைபேசியில் சொன்னாள். இத்தனை ஆண்டுகளில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

என் கேள்விகள் இவைதான். நாங்கள் 2001-லேயே பிரிந்துவிட்டோம் என்பதால் பத்தாண்டுக் கணக்கு எந்தத் தேதியோடு முடிகிறது? அவர் இன்னும் ஓய்வு பெறாத நிலையில் நான் விண்ணப்பிக்க முடியுமா, அதற்கு அவருடைய கையெழுத்து வேண்டுமா? எனக்குக் கொடுத்தால் அவருடைய தற்போதைய மனைவிக்குக் குறையுமா? அந்தப் பெண்மணி எனக்கு எந்தத் தீங்கும் செய்ததில்லை. அவருடைய பங்கில் கைவைக்க எனக்கு விருப்பமில்லை. கடைசியாக ஒன்று: விவாகரத்து மனுவில், "இனி ஒருவர் மீது ஒருவர் ஜீவனாம்சமோ, ஓய்வூதியமோ, வேறு எந்தப் பணப் பாத்தியதையோ கோர மாட்டோம்" என்று இருவரும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த வரி இந்த உரிமையை அடைத்துவிடுமா?

அவரிடம் கையேந்தும்படி ஆகும் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம் என்றும் முடிவு செய்து வைத்திருக்கிறேன்.

மல்லேஸ்வரம் பெரியவர் எழுதியது:

அம்மா, மத்திய அரசுக் கணக்குத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் ஓய்வூதிய விதிகளின்படி, நீதிமன்றத்தின் மூலம் பிரிந்து வாழும் மனைவி குடும்பம் என்ற வரையறைக்குள் வருவார். விவாகரத்து ஆகிவிட்டால் வரமாட்டார். விவாகரத்தான மகளுக்குக்கூடச் சில நிபந்தனைகளுடன் குடும்ப ஓய்வூதியம் உண்டு, விவாகரத்தான மனைவிக்குக் கிடையாது. மேலும், இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகவில்லை. ஆகையால் ஓராண்டுகூட முழுதாக வேலை செய்யாத உங்களுக்கு அங்கிருந்து எதுவும் வராது என்றே எனக்குத் தோன்றுகிறது. வீண் நம்பிக்கை வளர்த்துக்கொண்டு பிறகு நீங்கள் வருந்தக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஜெயநகர் நான்காவது பிளாக் எழுதியது:

பெரியவர் நம் நாட்டு விதிகளைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் அந்த விதிகளைக் கொண்டு அமெரிக்க ஓய்வூதியத்தை அளக்க முடியாது, ஏனென்றால் அந்தச் சட்டம் விவாகரத்தான மனைவியையும் கணவரையும் பெயர் சொல்லியே பயனாளிகளாக ஏற்றுக்கொள்கிறது. என் பெரியம்மா மகளுக்கு இதே விண்ணப்பத்தை உடன் அமர்ந்து நிரப்பியவன் நான். அக்காவின் கேள்விகளுக்கு வரிசை மாற்றிப் பதில் சொல்கிறேன். எது முதலில் தெரியவேண்டுமோ அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. விண்ணப்பம் உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில், நேராக அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குப் போகிறது. முன்னாள் கணவரின் சம்மதம் கேட்கப்படுவதில்லை, இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று அவருக்குத் தகவலும் அனுப்பப்படுவதில்லை. உங்களுக்குக் கொடுக்கும் தொகையால் அவருடைய ஓய்வூதியத்தில் ஒரு டாலர்கூடக் குறையாது, அவருடைய தற்போதைய மனைவியின் பங்கும் குறையாது. ஒரு தொழிலாளியின் கணக்கிலிருந்து குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து பெறக்கூடிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் விவாகரத்தான மனைவியின் பங்கு அந்த வரம்புக்குள் சேர்க்கப்படாமல் தனியாக வைக்கப்படுகிறது. ஆகவே அந்தப் பெண்மணியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். கேள்வி கேட்கும்போதே அவரைப் பற்றி நினைத்தீர்களே, அது உங்கள் நல்ல மனம்.

பத்தாண்டுக் கணக்கு திருமண நாளில் தொடங்கி, விவாகரத்துத் தீர்ப்பாணை இறுதியான நாளில் முடிகிறது. எந்த ஆண்டில் பிரிந்தீர்கள், எத்தனை நாள் ஒரே கூரையின் கீழ் இருந்தீர்கள் என்பது இந்தக் கணக்கில் வராது. 1991 ஜூன் முதல் 2003 மார்ச் வரை பதினோரு ஆண்டுகளும் ஒன்பது மாதங்களும் ஆகின்றன; நிபந்தனை நிறைவேறிவிட்டது. 2001-ல் பிரிந்ததை மட்டும் வைத்துக் கணக்கிட்டாலும் பத்தரை ஆண்டுகள் வருகின்றன என்றாலும், பிரிந்த தேதியைச் சொல்லி மற்றவர்கள் தங்கள் உரிமையைத் தாங்களே மறுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

அவர் இன்னும் ஓய்வூதியம் கோரவில்லை என்பதும் தடையில்லை. விவாகரத்தாகித் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் கடந்திருந்து, அவருக்கு 62 வயது நிறைந்து, ஓய்வூதியத்துக்குத் தேவையான நாற்பது கிரெடிட்டுகள் (அங்கே செய்த வேலைக்குச் சேரும் பணிப் புள்ளிகள்) அவர் கணக்கில் இருந்தால், அவர் விண்ணப்பிக்கும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு நான்கு கிரெடிட்டுகள்தான் சேர்க்க முடியும் என்பதால் நாற்பதுக்குப் பத்தாண்டு உழைப்பு வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வேலை செய்பவருக்கு அது எப்போதோ நிறைந்திருக்கும். அவர் தொடர்ந்து சம்பாதிப்பதும் உங்கள் தொகையைப் பாதிக்காது. பெரியவர் குறிப்பிட்ட ஒப்பந்தம் இல்லாத குறை, இரு நாட்டுப் பணிக்காலத்தைச் சேர்த்துக் காட்ட வேண்டியவர்களுக்கே வரும். உங்களுக்கு ஆதாரம் அவருடைய கணக்கு, அது முழுவதும் அமெரிக்காவிலேயே இருக்கிறது.

மனுவில் எழுதிக் கொடுத்த வரியைப் பற்றி நீங்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். சோஷியல் செக்யூரிட்டி என்பது கணவன் மனைவிக்குள் பங்கு பிரித்துக்கொள்ளும் சொத்தன்று. சட்டம் நேராக உங்களுக்குத் தரும் உரிமை. இருவரும் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் விட்டுக்கொடுப்பு அந்த நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாது. அமெரிக்க நீதிமன்றங்களின் விவாகரத்துத் தீர்ப்பாணைகளில்கூட இப்படிப்பட்ட வரிகள் எழுதப்படுவதுண்டு, அவற்றையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இவ்வளவும் தகுதியைப் பற்றியது. இந்தியக் குடிமகள், இந்தியாவில் வசிப்பவர் என்பதால் உங்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது, பலர் தடுக்கி விழுவது அங்கேதான். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஒருவர் தொடர்ந்து ஆறு முழு மாதங்கள் அந்நாட்டுக்கு வெளியே இருந்தால், விதிவிலக்கு ஏதும் பொருந்தாதபோது பணம் நிறுத்தப்படும். இந்தியக் குடிமக்களுக்குப் பொருந்தும் விதிவிலக்கு, கணக்குக்குரிய தொழிலாளி நாற்பது கிரெடிட்டுகள் சேர்த்திருக்க வேண்டும் அல்லது பத்தாண்டுகள் அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும் என்பது. அதோடு, மனைவி என்ற உறவின் பேரில் பணம் பெறுபவர், அந்தத் திருமண உறவு நிலவிய காலத்திலேயே குறைந்தது ஐந்தாண்டுகள் அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும். நீங்கள் 1994 பிப்ரவரி முதல் 2001 டிசம்பர் வரை ஏறத்தாழ ஏழே முக்கால் ஆண்டுகள் இருந்திருக்கிறீர்கள். இடையில் ஊருக்கு வந்துபோன மாதங்களைக் கழித்தாலும் ஐந்தாண்டுகள் தேறும். அந்த ஐந்தாண்டுகள் இடைவிடாமல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் அதைக் காட்டும் காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும். பழைய கடவுச்சீட்டுகளை எடுத்து வையுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழ், கூட்டாகத் தாக்கல் செய்த வரிப்படிவங்கள், வீட்டு வாடகை ஒப்பந்தம், தடுப்பூசி அட்டை என்று எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள்.

பசவனகுடி வாசகி எழுதியது:

நீங்கள் இருவரும் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. பெரியவர் அக்கறையோடு எச்சரித்ததை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெட்டியில் தேடியதில் மூன்று பழைய கடவுச்சீட்டுகளும், 1995 முதல் 2000 வரையிலான வரிப்படிவங்களின் நகல்களும் கிடைத்தன. கிரீன் கார்டு வந்தபோது வாங்கிய என் சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் இருக்கிறது. அவருடைய எண் அந்த வரிப்படிவங்களிலேயே உள்ளது.

இன்னும் இரண்டு ஐயங்கள். ஜெயநகர் பகுதியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 60 வயதுக்குப் பிறகும் பணி நீட்டிப்புக் கொடுத்திருக்கிறார்கள்; 65 வரை இருக்கலாம் என்கிறார்கள். இந்தச் சம்பளத்தை அங்கே தெரிவிக்க வேண்டுமா? அடுத்து, உண்மையில் எவ்வளவு கிடைக்கும், அதில் இங்கே வருமான வரி எவ்வளவு போகும் என்பதையும் யாராவது எடுத்துக்காட்டோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

இந்திராநகர் வரி ஆலோசகர் எழுதியது:

அம்மா, பள்ளி வேலையைப் பற்றி நீங்கள் கேட்டது மிகவும் நல்லதாயிற்று. இதைக் கேட்காமல் 62 நிறைந்த உடனே விண்ணப்பித்துவிட்டு, பிறகு வந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கடிதம் வந்து திகைத்தவர்களை எனக்குத் தெரியும்.

அமெரிக்காவுக்கு வெளியே, அந்நாட்டுச் சோஷியல் செக்யூரிட்டி வரி பிடிக்கப்படாத வேலையை ஒருவர் ஒரு மாதத்தில் 45 மணி நேரத்துக்கு மேல் செய்தால், அவர் முழு ஓய்வு வயதை (தொகை குறைக்கப்படாமல் கிடைக்கும் வயதை) எட்டாதவராக இருக்கும் பட்சத்தில் அந்த மாதத்துக்குரிய தொகை நிறுத்திவைக்கப்படும். சம்பளம் எவ்வளவு என்பது கேள்வியே இல்லை. மணிக்கணக்கு மட்டுமே பார்க்கப்படும். ஆசிரியப் பணியில் 45 மணி நேரம் என்பது இரண்டு வாரம்கூடத் தாங்காது. வீட்டில் மாணவர்களைச் சேர்த்து டியூஷன் எடுப்பதும் வேலைதான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 1960-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வு வயது 67 ஆகும். 1964-ல் பிறந்த நீங்கள் 67-ஐ எட்டிய மாதத்திலிருந்து இந்த மணிக்கணக்கு ஒழிந்துவிடும்.

தொகையைப் பொறுத்தவரை, முழு ஓய்வு வயதில் விவாகரத்தான மனைவிக்குக் கிடைப்பது, முன்னாள் கணவர் தம் முழு ஓய்வு வயதில் பெறவேண்டிய தொகையில் பாதி. அதற்கு முன்பே பெறத் தொடங்கினால் பாதியிலிருந்தும் குறைத்துக் கொடுப்பார்கள்: 67-க்கு முந்தைய முதல் 36 மாதங்களுக்கு மாதம் ஒன்றுக்கு ஒரு சதவீதத்தில் 36-ல் 25 பங்கும், அதற்கும் முந்தைய மாதங்களுக்கு ஒரு சதவீதத்தில் 12-ல் 5 பங்கும் குறையும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அவருடைய முழுத் தொகை மாதம் 2,400 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 67-ல் தொடங்கினால் மாதம் 1,200 டாலர். 65-ல் தொடங்கினால் 1,000 டாலர். 62-லேயே தொடங்கினால் 780 டாலர். 67-க்கு மேல் காத்திருப்பதால் இந்த வகைத் தொகை வளராது. சொந்தப் பணிக்கணக்கில் பெறுபவர்களுக்குத்தான் 70 வயது வரை கூடுதல் உண்டு. அவர் தம் தொகையை 62-லேயே குறைத்து வாங்கத் தொடங்கியிருந்தாலும் 70 வரை தள்ளி வைத்துக் கூட்டிக்கொண்டாலும் உங்கள் பாதி அவருடைய 67 வயதுத் தொகையை வைத்தே கணக்கிடப்படும் என்பது உங்களுக்கு ஒரு பாதுகாப்பு.

வரி விஷயத்தில் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் குடியுரிமையும் அங்கே வசிப்பும் இல்லாதவர்களுக்கு, தொகையின் 85 சதவீதத்தின் மீது 30 சதவீத வரியை, அதாவது மொத்தத்தில் 25.5 சதவீதத்தை, அங்கேயே பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள். சில நாட்டவர்களுக்கு ஒப்பந்தத்தின் மூலம் முழு விலக்கு இருக்கிறது. இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கோ, அமெரிக்க அரசுப் பணியிலிருந்து வரும் பகுதிக்கு மட்டுமே விலக்கு. தனியார் நிறுவன ஊழியரின் கணக்கிலிருந்து வருவதற்கு இல்லை. ஆக 1,000 டாலரில் 255 போக 745 டாலர் கைக்கு வரும். ஆனால் இரு நாடுகளும் 1989-ல் கையெழுத்திட்ட இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 20-வது பிரிவு, சோஷியல் செக்யூரிட்டித் தொகைக்கு வரி விதிக்கும் உரிமையை அதை வழங்கும் நாட்டுக்கு மட்டுமே தருகிறது. ஆகவே அதே தொகைக்கு இங்கே மறுபடியும் வரி கட்ட வேண்டியதில்லை. உங்கள் வருமான வரிக் கணக்கைப் பார்ப்பவருக்கு இந்தப் பிரிவு தெரியாமல் இருக்கக்கூடும். பிரிவு எண்ணை எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் 65 வரை பள்ளியில் இருப்பது உறுதியென்றால், 62-ல் அவசரப்பட்டு விண்ணப்பிப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. பணி முடியும் மாதத்தைக் கணக்கிட்டு, அதற்கு நான்கு மாதம் முன்பாக விண்ணப்பத்தைத் தொடங்கினால் போதும்.

அல்சூர் தங்கை எழுதியது:

இந்த இழையைப் படித்தபோது என் மூத்த சகோதரியை நினைத்து மனம் கனத்தது. அவளுக்குப் பதினான்கு ஆண்டுகள் மணவாழ்க்கை. ஆனால் கணவர் அமெரிக்காவில் இருந்த காலம் முழுவதும் மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவளிடம் விட்டுவிட்டதால், எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் அவள் அங்கே வசித்தது மூன்று ஆண்டுகளுக்குச் சற்று அதிகம்தான். திருமணம் பத்தாண்டைத் தாண்டிவிட்டது என்று நம்பிக்கையோடு விண்ணப்பித்தோம். ஐந்தாண்டு வசிப்பு இல்லாததால், இந்தியாவில் இருக்கும் வரை பணம் அனுப்ப முடியாது என்று பதில் வந்தது.

அவளுக்கு உரிமை இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. உரிமை இருக்கிறது, இந்தியாவில் இருக்கும்போது பணம் வராது, அவ்வளவுதான். சட்டப்படி அனுமதி பெற்று ஒரு முழு மாதம் அமெரிக்காவில் தங்கியிருந்தால் அந்த மாதத்துக்குப் பணம் பெற வாய்ப்புண்டு என்று பிறகு தெரிந்துகொண்டோம். ஆனால் விமானக் கட்டணத்துக்கே அது போதாது. அந்த வீட்டுக்காக அவள் உழைத்த பதினோரு ஆண்டுகளுக்கு எந்த நாட்டின் கணக்கிலும் இடமில்லாமல் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை. பசவனகுடி அக்காவுக்கு ஏழே முக்கால் ஆண்டுகள் இருப்பது பெரிய ஆறுதல். ஊருக்கு வந்துபோன தேதிகளைக் கடவுச்சீட்டு முத்திரைகளிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் கேட்ட முதல் விவரமே அதுதான்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருத்தி எழுதியது:

எனக்கு வயது 36. இந்த உரையாடலில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்களுக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டு ஏழு மாதங்கள் ஆகின்றன. ஆறு ஆண்டுகள் டெக்சாஸில் சேர்ந்து இருந்துவிட்டு, நான் மட்டும் பெங்களூர் திரும்பி ஒன்றரை ஆண்டு ஆகிறது. அடுத்த வாரம் பரஸ்பர சம்மத மனுவைத் தாக்கல் செய்யப்போகிறோம். ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யச் சொல்லி ஒரு மனுவும் சேர்த்துப் போட்டால் இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று வக்கீல் சொல்கிறார். இதைப் படித்த பிறகு தயக்கமாக இருக்கிறது.

ஜெயநகர் நான்காவது பிளாக் எழுதியது:

தங்கையே, குறுக்கீடு என்று நினைக்காதீர்கள். இன்று இந்த இழையில் யாருக்காவது உடனடியாகப் பயன்பட வேண்டுமென்றால் அது உங்களுக்குத்தான்.

இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி, மனு கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குப் பின்னும் பதினெட்டு மாதங்களுக்குள்ளும் இருவரும் மறுபடி நீதிமன்றத்தில் ஆஜராகி விருப்பத்தை உறுதி செய்ய வேண்டும். தகுந்த சூழ்நிலைகளில் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. உங்கள் வக்கீல் சொல்வது அதைத்தான். அந்தத் தள்ளுபடி கிடைத்து இரண்டு மாதத்தில் தீர்ப்பாணை வந்தால் உங்கள் திருமணம் ஒன்பது ஆண்டு ஒன்பது மாதத்தோடு முடிந்துவிடும். பத்தாண்டுக்கு ஒரு நாள் குறைந்தாலும் இந்த உரிமை பிறக்காது. தோராயமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. தள்ளுபடி கேட்காமல் சட்டம் வைத்திருக்கும் ஆறு மாதத்தை அப்படியே விட்டீர்களானால், தீர்ப்பாணை பத்தாண்டுகளும் ஒரு மாதமும் கடந்த பிறகே வரும். இதில் யாரையும் ஏமாற்றுவது எதுவும் இல்லை, உங்கள் கணவருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை.

அதே சமயம், நீங்கள் 62-ஐ எட்ட இன்னும் இருபத்தாறு ஆண்டுகள் இருக்கின்றன. இடையில் நீங்கள் மறுமணம் செய்துகொண்டால், அந்த மறுமணம் நீடிக்கும் வரை முதல் கணவரின் கணக்கிலிருந்து இந்தத் தொகையைப் பெற முடியாது. அவரும் நாற்பது கிரெடிட்டுகளை நிறைத்திருக்க வேண்டும். எனவே இதை நம்பி ஜீவனாம்சத்திலோ குழந்தையின் செலவிலோ எதையும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். அந்த வீட்டில் உங்களுக்குப் பாதுகாப்புக் குறைவு ஏதேனும் இருந்து சீக்கிரம் விடுபட வேண்டிய நிலை என்றால், ஓய்வூதியத்தை மறந்துவிட்டு உடனே விடுபடுங்கள். அப்படி எதுவும் இல்லை, ஆறு மாதம் காத்திருப்பது வெறும் பொறுமைதான் என்றால், காத்திருங்கள்.

மல்லேஸ்வரம் பெரியவர் எழுதியது:

என் முதல் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். தெரிந்த ஒரு விதியை வைத்துத் தெரியாத ஒரு விதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பசவனகுடி அம்மா அதை நம்பி விட்டுவிட்டிருந்தால் அந்தப் பழி என்னைச் சேர்ந்திருக்கும். ஒரு சந்தேகம் மட்டும் கேட்கிறேன். அந்த முன்னாள் கணவர் காலமாகிவிட்டால் இந்தத் தொகை நின்றுவிடுமா?

ஜெயநகர் நான்காவது பிளாக் எழுதியது:

நிற்காது ஐயா, கூடும். பத்தாண்டுத் திருமணம் நிறைந்த முன்னாள் மனைவி, விதவைக்குரிய தொகையையே கோரலாம். அதற்கு 60 வயது நிறைந்தால் போதும், உடல் ஊனமுற்றவராயின் 50. முழு ஓய்வு வயதில் கோரினால், இறந்தவர் பெற்றுவந்த தொகை முழுவதும் வரை கிடைக்கும். 60-லேயே கோரினால் 71.5 சதவீதம். 60 வயதுக்குப் பிறகு மறுமணம் செய்துகொண்டாலும் இந்த உரிமை போகாது. அங்கே வேறொரு விதவை இருந்தாலும் ஒருவருடைய பங்கு மற்றவரைப் பாதிக்காது. இந்தியாவில் இருந்து பெறுவதற்கு அதே ஐந்தாண்டு வசிப்பு இங்கேயும் வேண்டும். எனவே, கசப்பான விஷயமானாலும், அவரைப் பற்றிய அத்தகைய செய்தி தெரியவந்தால் மகள் உடனே உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அக்கா.

விண்ணப்பிக்கும் நேரம் வரும்போது, டெல்லியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தின் இணையதளத்தில் ஃபெடரல் பெனிஃபிட்ஸ் என்ற பகுதியைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்களைக் கவனிக்கும் அலுவலகத்தின் தொடர்பு அங்கே இருக்கும். மனைவிக்கான விண்ணப்பம் எஸ்எஸ்ஏ-2 என்ற படிவம். வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் எஸ்எஸ்ஏ-21 என்ற துணைப்படிவமும் வேண்டும், நீங்கள் அமெரிக்காவில் இருந்த காலங்கள் அதில்தான் எழுதப்படும். பணம் வரத் தொடங்கிய பிறகு ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒருமுறை தபாலில் ஒரு கேள்வித்தாள் வரும். நம் ஓய்வூதியர்கள் நவம்பர் மாதம் கொடுக்கும் உயிர்ச் சான்று போன்றது அது. பூர்த்தி செய்து திருப்பி அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். வீடு மாறினால் முகவரியை உடனே தெரிவித்துவிடுங்கள்.

பசவனகுடி வாசகி எழுதியது:

இன்று காலை நீதிமன்ற நகல் பிரிவில் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலுக்கு மனுக் கொடுத்துவிட்டு வந்தேன். வழக்கு எண் கையில் இருந்ததால் சிரமமில்லை. கும்பகோணத்தில் திருமணப் பதிவுச் சான்றிதழின் புதிய நகல் எடுக்கத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். கடவுச்சீட்டு முத்திரைகளைக் கொண்டு எழுதிப் பார்த்ததில், ஊருக்கு வந்த நாட்களெல்லாம் கழித்து ஏழு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் வருகின்றன.

பள்ளியில் 65 வரை இருப்பதென்றே முடிவு செய்திருக்கிறேன். குழந்தைகளோடு இருப்பது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. விண்ணப்பத்தை அப்போது அனுப்புவேன். மகளிடம் நேற்று இரவு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெகு நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, அந்த வரிப்படிவங்களை ஸ்கேன் செய்து தனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொன்னாள். இன்று மாலை அனுப்பப் போகிறேன்.